ஒரு சீதா, ஒரு உல்டா

எழுபதைத் தாண்டியவனிடம் கேட்க உலகத்துக்கு இரண்டே கேள்விகள்தான் இருக்கின்றன. முதலாவது, "மாத்திரை போட்டாச்சா?" இதற்கு "ஆச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, "அப்புறம் என்ன பண்றதா உத்தேசம்?" எதற்கு அப்புறம் என்று கேட்பவரும் சொல்ல மாட்டார், நானும் திருப்பிக் கேட்க மாட்டேன். முழங்கால் போன அப்புறமா, ஞாபகம் போன அப்புறமா, எங்கள் இருவரில் ஒருவரே போன அப்புறமா என்பதையெல்லாம் கௌரவமான வீடுகளில் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆகவே நானும் கௌரவமாக ஒரே பதிலைச் சொல்லி வருகிறேன்: "இந்த ஸ்வெட்டர் முடியட்டும், பார்க்கலாம்."

ஸ்வெட்டரைப் பின்னுவது நான். ஊர், கோயம்புத்தூர். மார்கழி விடியற்காலையில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அதற்கே எங்கள் தெருவில் மங்கி குல்லா போடாத ஆண் தலையைப் பார்க்க முடியாது என்பது வேறு கதை. நான் பின்னுவதோ சித்திரை வெயிலில், ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு, மடியில் கம்பளி நூலுடன். இதில் இன்னொரு அவமானமும் உண்டு. ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே திருப்பூர். அங்கே வட்டப் பின்னல் மெஷின்கள் ராப்பகலாக ஓடுகின்றன. போட்டிருக்கும் பனியனைக் கண்ணருகே இழுத்துப் பாருங்கள்: குட்டிக் குட்டியாக 'வி' எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். கம்பளியில் நான் போடும் நேர்ப் பின்னலும் அதே 'வி'தான், அதே கண்ணிதான். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்ளும் நேரத்தில் அந்த மெஷின் ஒரு குடும்பத்துக்கான பனியன் துணியைத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மெஷினிடம் "அப்புறம் என்ன உத்தேசம்?" என்று யாரும் கேட்பதில்லை. அதனால் அதற்கு அவசரம் சரி, எனக்கு நிதானம் சரி.

என் மனைவிக்கு இந்த வித்தை வந்தது டெல்லியில். மத்திய சர்க்கார் உத்தியோகம் 1970களின் கடைசியில் எங்களைக் கொண்டுபோய் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இறக்கியது. அந்தக் காலத்து டெல்லிக் குளிரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மத்தியான இடைவேளையில் கிருஷி பவன், சாஸ்திரி பவன் பக்கத்துப் புல்வெளிகளில் ஆபீஸ் பெண்கள் கும்பல் கும்பலாக வெயில் காய்ந்தபடி, வேர்க்கடலையை உடைத்துப் போட்டுக்கொண்டே ஸ்வெட்டர் பின்னுவார்கள். கட்டடத்துக்கு உள்ளே தேசத்தின் விவசாயக் கொள்கை உருவாகிக்கொண்டிருக்கும், வெளியே ஒரு வி-நெக் உருவாகிக்கொண்டிருக்கும். எது முதலில் முடிந்தது என்று நான் சொன்னால் என் பென்ஷனுக்கு ஆபத்து.

குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியிலும் அதே காட்சி. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள்தான் இவளுக்குக் குரு. "ஏக் சீதா, ஏக் உல்டா" என்று மாடியிலிருந்து குரல் கேட்டபோது முதல் நாள் நான் ராமாயண உபந்நியாசம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். நேர்ப் பின்னல் சீதா, புரட்டிப் போட்டால் உல்டா, கண்ணிக்கு ஃபந்தா, ஊசிக்குச் சலாய். டெல்லியைவிட்டு வந்து எத்தனையோ காலமாகியும் இவள் வாயில் அந்தச் சொற்கள்தான். சாம்பார், ரசத்தில்கூட டெல்லி வாடை போய்விட்டது. ஸ்வெட்டரில் மட்டும் போகவில்லை.

அந்த நாட்களில் இதில் எனக்கு ஒரே ஒரு பதவி இருந்தது. கரோல் பாக்கிலிருந்து கம்பளி நூல் லச்சியாக, அதாவது வளையக் கட்டாகத்தான் வரும். அதை உருண்டையாகச் சுற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை நான் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி உட்காருவேன். லச்சியை என் மணிக்கட்டுகளில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து அவள் சுற்றுவாள். மூக்கு அரித்தால் அனுமதி கேட்க வேண்டும். பேப்பரை யாராவது பிடித்தால் படிக்கலாம். ஆபீஸில் எனக்குக் கீழே பல பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வீட்டுக்கு வந்து என்னை இந்தக் கோலத்தில் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து அவர் ஃபைலை மேஜைமேல் வைக்காமல் என் நீட்டிய கையில் கொடுக்க ஆரம்பித்தார்.

அப்படி நூல் தாங்கியாக இருந்தவன் நூல் பின்னுபவனாகப் பதவி உயர்ந்தது எலும்பு டாக்டரின் அறையில். இவளுக்கு வலது கட்டைவிரலின் அடி மூட்டுத் தேய்ந்துவிட்டது. "பின்னுவதை விட்டுவிடுங்கள், அம்மா" என்றார் டாக்டர். கூடப் போன நானும், வந்த இடத்தில் காட்டிவிடுவோமே என்று, காலையில் விரல்கள் விறைத்துக்கொள்வதைக் காட்டினேன். "விரலுக்கு ஏதாவது வேலை கொடுங்க சார்" என்றார். இருவருக்கும் சேர்த்து ஒரே ஃபீஸ். திரும்பும்போது ஆட்டோவிலேயே சார்ஜ் ஒப்படைப்பு முடிந்துவிட்டது.

இப்போது எங்கள் வீட்டு நிர்வாக அமைப்பு இப்படி: விரல்கள் என்னுடையவை, எண்ணிக்கை அவளுடையது. ஏனென்றால் எனக்கு எண்ணிக்கை நிற்காது. நாற்பத்திரண்டாவது ஃபந்தாவில் இருக்கும்போது வாசலில் காய்கறி வண்டி கூவினால், "கிலோ நாற்பத்திரண்டா?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். அவள் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு விஷ்ணு சகஸ்ரநாமம் கேட்டபடியே, "ஏங்க, போன வரியில ஒண்ணு விட்டுட்டீங்க" என்பாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், சலாய்கள் இடிக்கும் சத்தத்திலேயே தெரியுமாம். ஒரு ஃபந்தா நழுவினால் அது அடிவரைக்கும் ஏணிப்படி மாதிரி பிரிந்துகொண்டே போகும். குரோஷா ஊசியை விட்டு ஒவ்வொரு படியாக மேலே தூக்கிவர வேண்டும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் தேய்ந்த கட்டைவிரலோடு அவளே இறங்குவாள். என்னை நம்ப மாட்டாள்.

சலாயின் நம்பர் எனக்குப் புரியவே வெகு நாளாயிற்று. நம் ஊரில் இன்னும் பழைய பிரிட்டிஷ் கணக்குதான்: 8-ஆம் நம்பர் தடி, 12-ஆம் நம்பர் மெல்லிசு. பார்டருக்கு 12, உடம்புக்கு 10. நம்பர் ஏற ஏற எதற்காக ஊசி மெலிய வேண்டும் என்று நான் சர்க்கார் முறைப்படி ஆட்சேபம் எழுப்பினேன். "உங்களுக்கு வயசு ஏற ஏறக் கால் மெலியலையா? அந்த மாதிரிதான்" என்றாள். ஆட்சேபம் திரும்பப் பெறப்பட்டது.

ஸ்வெட்டர் டொரோன்டோவில் இருக்கும் பேரனுக்கு. ஆரம்பித்தபோது மூத்த பேரனுக்கு. அவன் என் வேகத்தை மதிக்காமல் வளர்ந்துவிட்டதால் இளையவனுக்கு என்று உத்தரவு திருத்தப்பட்டிருக்கிறது. என் கை இறுக்கம். முப்பத்தைந்து வருஷம் எந்த ஃபைலையும் லேசில் விடாத கை. அதே எண்ணிக்கை ஃபந்தாவை அவள் போட்டால் மார்புக்கு வரும், நான் போட்டால் தொடைக்குத்தான் வரும். இளையவனும் வளர்ந்துவிட்டால் ஃபிளாஸ்க்குக்கு உறையாகும். அதுவும் கனடாவில் உபயோகம்தான்.

இதற்கிடையே பிள்ளைகள் எங்கள் 'அப்புறம்' பற்றிக் கூட்டம் போட ஆரம்பித்தார்கள். டொரோன்டோவில் மகன், பெங்களூரில் மகள், நடுவில் வீடியோ கால். முதல் தீர்மானம், வீட்டில் நாங்கள் விழக் கூடாது. மகள் நேரில் வந்து தணிக்கை செய்தாள். மிதியடிகள் போயின, தரையில் கிடந்த ஒயர்கள் போயின, பாத்ரூமில் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி வந்தது. கம்பி மிகவும் சௌகரியம். அலசிய லச்சியைக் காயப்போட அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. அது காயும்வரை சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். தணிக்கையில் மாட்டிய கடைசி ஆபத்து, தரையில் உருளும் நூல் உருண்டை. "அப்பா, இதுல தடுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சா யார் பார்க்கிறது?" உருண்டையை இப்போது என் மாமியாரின் பித்தளைக் கூஜாவுக்குள் போட்டு, வாய் வழியாக நூலை வெளியே விட்டிருக்கிறோம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டெல்லிக்கும் மெட்ராஸுக்கும் காவிரித் தண்ணீர் சுமந்த கூஜா. அதற்கும் ஓய்வுக்கால உத்தியோகம் கிடைத்தது.

இரண்டாம் தீர்மானம், கேமரா. ஹால் மூலையில் ஒன்று மாட்டினார்கள். அங்கே இரவு பத்தரை என்றால் இங்கே காலை எட்டு, ஒன்பது. மகன் தூங்கப் போகுமுன் எங்களை ஒரு பார்வை பார்ப்பான். ஒரு நாள் இட்லிக்கு அப்புறம் பின்னலை மடியில் வைத்தபடி நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டேன். அசையவில்லை என்று பதறி அவன் எதிர்வீட்டுக்குப் போன் போட, எதிர்வீட்டுக்காரர் மாற்றுச் சாவியோடு உள்ளே வந்து என் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தார். நான் கண் விழித்தேன். அவருக்குத்தான் படபடப்பு அதிகமாகி, என் மனைவி மோர் கொடுத்து உட்கார வைத்தாள். மூன்றாம் தீர்மானம், விழுந்தால் தகவல் அனுப்பும் கைக்கடிகாரம். பிள்ளையாருக்குச் சதுர்த்தேங்காயை ஓங்கி அடித்தேன். "நீங்கள் பலமாக விழுந்ததுபோல் தெரிகிறது" என்று கடிகாரம் விசாரித்தது. பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டது நல்ல பலன் தந்தது என்று எடுத்துக்கொண்டேன். நான் நிஜமாகவே மாடிப்படியில் சறுக்கி உட்கார்ந்த அன்று அது சார்ஜில் இருந்தது.

பூங்கா பெஞ்சுக்கும் எங்கள் எதிர்காலத்தில் பங்கு உண்டு. காலை நடையில் பத்து நிமிஷம் நடை, ஐம்பது நிமிஷம் பெஞ்சு. அங்கே ஓர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர், நான் பின்னுவது தெரிந்ததும் எனக்கு மேடம் டிஃபார்ஜ் என்று பெயர் வைத்தார். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய டிக்கன்ஸ் நாவலில், ஒழித்துக்கட்ட வேண்டியவர்களின் பெயர்களைப் பின்னலிலேயே குறித்துவைத்த அம்மாளாம். இதை வீட்டில் சொன்னேன். "அப்படியா? என் சின்ன நாத்தனார் பேருக்கு எத்தனை ஃபந்தா ஆகும்?" என்றாள்.

பெஞ்சின் நிரந்தர விவாதம், வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு இப்போதே எழுதுவதா, கூடாதா. எழுதிவிட்டுத் திண்ணைக்கு வந்தவர்கள் கதை ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் மருமகள் ஒரே மாதிரி இருப்பது எனக்குச் சந்தேகத்தைத் தரும். வேறு வேறு வீட்டு மருமகள்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருக்க முடியாது. சட்டம் படித்த நண்பர் மட்டும் உருப்படியாகப் பேசுவார். 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது: 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கச் சொல்லித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே வக்கீல் வைத்து வாதாட வேண்டியதில்லை. ஆனால் நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, இந்தச் சட்டம் முதியவர்களுக்காக வந்தது, அவர்கள் பக்கம் தாராளமாகவே படிக்க வேண்டும் என்றது. "அதனால நிபந்தனையை வெட்கப்படாம எழுதிடுங்க சார்" என்பது நண்பரின் யோசனை.

வெட்கப்படாமல் எழுத உட்கார்ந்தோம். 'பார்த்துக்கொள்ள வேண்டும்' என்றால் என்ன என்பதை அவரவர் இஷ்டத்துக்கு விடக் கூடாதல்லவா? நான் 'காலை ஆறு மணிக்குள் டிகிரி காபி' என்று ஆரம்பித்தேன். அவள் 'சீரியல் நேரத்தில் ரிமோட்' என்றாள். நான் 'வெந்நீர்'. அவள் 'ஆடி வெள்ளிக்குப் புடவை, நூல் புடவையாக இருந்தாலும் போதும்'. பக்கம் நிறைந்ததும் படித்துப் பார்த்தோம். ரிமோட்டையும் புடவையையும் தவிர மற்றதெல்லாம் இப்போது எனக்கு அவள் செய்துகொண்டிருப்பவை. "இதுக்கு எனக்கு எந்த வீட்டை எழுதி வச்சீங்க?" என்று கேட்டாள். காகிதத்தை மடித்துக் கூஜாவின் அடியில் வைத்துவிட்டேன்.

மகள் விடவில்லை. ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சியின் நம்பரைக் கொடுத்து, விவரமாவது கேட்டு வையுங்கள் என்றாள். கேட்டேன். போனில் ஒரு பெண், மனப்பாடமாக: "பன்னிரண்டு மணி நேரமா, இருபத்துநாலு மணி நேரமாங்க சார்? நர்ஸா, அட்டெண்டரா? பேஷண்ட் ஆம்பளையா, லேடியா?"

"அதை இன்னும் முடிவு பண்ணலம்மா."

"பேஷண்ட் யாருங்க சார்?"

"அதைத்தான் சொல்றேன். ரெண்டு பேர்ல யாருன்னு இன்னும் தெரியல."

அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மிகவும் அன்பாக, "பக்கத்துல வேற யாராவது இருந்தா போனைக் குடுங்க சார்" என்றாள். அட்டெண்டர் இருபத்துநாலு மணி நேரத்துக்கும் தேவைப்படும் கேஸ் என்று என்னை எழுதிக்கொண்டிருப்பாள்.

இந்த 'யார் முதலில்' என்பது எங்கள் வீட்டில் பழைய வழக்கு. எனக்குக் காபி டிகாக்ஷன் இறக்கத் தெரியாது, கேஸ் புக் பண்ணத் தெரியாது, என் பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. ஆகவே முன்னுரிமை எனக்கு என்பது என் கட்சி. "நீங்க போயிட்டா எனக்குக் குறைஞ்ச பென்ஷன்தான், அதுல பாதி என் மாத்திரைக்கே" என்பது அவள் கட்சி. மத்திய சர்க்கார் பென்ஷனில் ஒரு விசேஷம் உண்டு: 80 முடிந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல், 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, 100 முடிந்தால் 100 சதவீதம், அதாவது இரட்டிப்பு. சர்க்கார் இதைப் பெருந்தன்மையால் வைத்ததா, தைரியத்தால் வைத்ததா என்று தெரியவில்லை. என் மனைவி இந்த அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். நான் இரண்டாவது மைசூர்பாகுக்குக் கை நீட்டினால் வாயால் ஒன்றும் சொல்வதில்லை, விரலால் 80-ஐக் காட்டுவாள்.

அந்தப் பென்ஷனுக்கு நவம்பர் தோறும் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். முன்பு விரல் ரேகை. என் ரேகைகளைச் சர்க்கார் காகிதம் பாதியும் கம்பளி நூல் பாதியும் தேய்த்துவிட்டதால் மெஷின் என்னை ஏற்கவில்லை; கவுண்டரில் இருந்த பையன், "சார், நீங்க இல்லைன்னு காட்டுது" என்றான். இப்போது போனிலேயே முகத்தைக் காட்டினால் போதும். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. சிமிட்டினால் உயிர் உண்டு என்று அர்த்தம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு நான் எதிர்வீட்டு மாமியைப் பார்த்துத் தவறிச் சிமிட்டியதற்கு என் உயிருக்கே உத்தரவாதம் இல்லாமல் போனது. இங்கே சிமிட்டினால் பென்ஷன்.

கடைசியில் மகளின் நச்சரிப்புத் தாங்காமல் மூத்தோர் குடியிருப்பு ஒன்றைப் பார்க்கப் போனோம். கோவையைச் சுற்றி இந்த மாதிரிக் குடியிருப்புகள் நிறைய. மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும், நொய்யல் தெரியும் என்று போட்டிருப்பார்கள்; மலை நிச்சயம் தெரியும். மேனேஜர் சின்னப் பையன், டை கட்டியிருந்தான். அங்கிள், ஆன்ட்டி என்று அழைத்து பாட்டரி வண்டியில் சுற்றிக் காட்டினான். வழுக்காத டைல்ஸ், படி இல்லாத வாசல், கட்டில் பக்கத்திலும் பாத்ரூமிலும் இழுத்தால் மணியடிக்கும் கயிறு, பஜனை மண்டபம், பிள்ளையார் கோயில், நூலகத்தில் பழைய தீபாவளி மலர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ரசத்தை என் மனைவி உள்ளங்கையில் வாங்கிக் குடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது: பருப்புத் தண்ணீர் குறைவு.

நான் நடைமுறைக் கேள்விகளைக் கேட்டேன். டெபாசிட் எவ்வளவு, மாதப் பராமரிப்பு எவ்வளவு, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், போன பிறகு டெபாசிட் யாருக்கு. பையன் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "தம்பி, படுக்கையில விழுந்துட்டா?" பையன் சிரிப்பைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டான். அப்போது அட்டெண்டரை நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமாம், இல்லையென்றால் தனியாக உதவியுடன் வாழும் பிரிவு, அதற்குக் கட்டணம் வேறு. இந்த மாதிரி இடங்கள் பலவும் நடமாடும்வரைக்கும்தான் சொகுசு. அவர்கள் விற்பது நல்ல சாப்பாடு, நல்ல சகவாசம், தோட்டத்துக்கு ஆள். விழுந்த அப்புறம் வரும் 'அப்புறம்' பெரும்பாலும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கிறது. சேரப் போகிறவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பது நல்லது. முன்பக்கத்தில் இருப்பது மலை.

பிறகு ஒரு நர்ஸ் படிவத்தோடு வந்தார். ஆறு கேள்விகள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. காட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1963-இல் வகுத்த அளவுகோலாம். இன்றும் பல இடங்களில் முதியவர்களை இந்த ஆறால்தான் நிறுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 'தானாக' அல்லது 'உதவியுடன்' என்று டிக் அடிக்க வேண்டும்.

"சார் தானாக் குளிப்பாரா?"

"குளிப்பாரு. துண்டை எடுத்துட்டுப் போக மாட்டாரு" என்றாள் இவள்.

"டிரஸ் தானாப் போடுவாரா?"

"போடுவாரு. எடுத்து வைக்கணும்."

"அம்மா?"

"ஜாக்கெட் ஊக்கு நான் போட்டுவிடுவேன்" என்றேன். "கட்டைவிரல் சரியில்லை." நர்ஸ் தலையைக் குனிந்து எழுதினார். ஊக்கு மாட்ட முன்பு என் கை நடுங்கும்; ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்த பிறகு நடுக்கம் குறைந்திருக்கிறது என்றும் சொன்னேன். அதைப் படிவத்தில் எழுத இடமில்லை.

"ஞாபக சக்தி?"

"எனக்குப் பேர்கள் நிற்கும், எண் நிற்காது. அவளுக்கு எண் நிற்கும், கண்ணாடி வச்ச இடம் நிற்காது. கண்ணாடி இருக்கிற இடம் எனக்குத் தெரியும்."

"தனித்தனியாத்தான் சார் போட முடியும். ஒருத்தருக்கு ஒரு ஃபாரம்."

நர்ஸ் நல்ல பெண். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு ஃபாரத்திலும் எல்லாக் கேள்விக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு மூடிவிட்டார். இவள் மெதுவாக, "ரெண்டு ஊசி கொண்டுவரலாமா?" என்று கேட்டாள். இன்சுலினா என்று கேட்டார் நர்ஸ். சலாயை வெளியே எடுத்துக் காட்டினாள். கையும் ஞாபகமும் சரியில்லாதவர்கள் இருக்கும் பிரிவில் கூர்மையான பொருள் கூடாது, இந்தப் பக்கம் பரவாயில்லை என்றார். "கையும் ஞாபகமும் சரியில்லாம எங்க பின்றது?" என்று இவள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரு காரியம் மட்டும் உருப்படியாகச் செய்தோம். பிழைக்க வழியில்லாத நிலையில் எங்களை மெஷினில் மாட்டி இழுத்தடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தபோது மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது; 2023-இல் நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும் என்று எளிதாக்கிவிட்டார்கள், சாட்சிகள் இருவர். பெஞ்சிலிருந்து இருவர் சாட்சிக்கு வந்தார்கள். பேராசிரியர் என் ஆங்கிலத்தில் நான்கு பிழைகளைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அத்துடன் எல்லாரும் கேசரி சாப்பிட்டோம். நான் ஒரு கரண்டிதான். ஃபிரிட்ஜ் கதவு பார்த்துக்கொண்டிருந்தது.

டை கட்டிய பையன் மட்டும் வாரா வாரம் போன் செய்கிறான். தோட்டத்தைப் பார்த்த வீடு இரண்டுதான் மிச்சம், மார்ச்சுக்குள் சேர்ந்தால் டெபாசிட்டில் சலுகை, தாத்தா பாட்டி மாதிரி நினைத்துச் சொல்கிறேன் என்பான். வழக்கமாக நான்தான் ஸ்வெட்டர் முடியட்டும் என்று சொல்லி வைப்பேன். போன வாரம் நான் நடுவரியில் இருந்தேன். இருபத்தேழு, இருபத்தெட்டு என்று உதட்டால் எண்ணிக்கொண்டிருந்ததால் போனை அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆன்ட்டி, அங்கிள் முடிவு பண்ணிட்டாரா?"

"அவருக்கு முதுகு முடிஞ்சிருச்சு தம்பி. மார்பும் முடிஞ்ச மாதிரிதான். ரெண்டு தோளையும் சேர்த்துத் தைக்கணும். அப்புறம் கழுத்து மட்டும்தான் பாக்கி."

எதிர்ப்பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"எந்த ஆஸ்பத்திரி, ஆன்ட்டி?" என்றான் பையன்.

"வீட்லதான் தம்பி. நான் பக்கத்துல இருந்து பார்த்துக்கறேன்" என்றாள் அவள். "ஏங்க, இருபத்தொன்பது."